பார்க்காமலே கை கண்டுபிடிச்ச அனுபவங்கள், சொல்லுங்க

கம்பத்துக்காரி:
எங்கம்மா கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போறவங்க. போன லீவுல நானும் ஜீப்புல தொத்திக்கிட்டேன். ஏலத்துல காய் உச்சியில இருக்காது. தூருல, தரையோட கிடக்குற சரத்துல இருக்கும். அம்மா ஊர்க்கதை பேசிக்கிட்டே கையை உள்ள விடுறாங்க, விரல் சரத்தை வருடிக்கிட்டே ஓடுது. விளைஞ்சது மட்டும் கையோட வருது, பிஞ்சு அங்கேயே நிக்குது. எப்படிம்மான்னு கேட்டா, "கையை ஓட்டிப் பாரு, சும்மா தொட்டா என்ன தெரியும்?"ங்கிறாங்க.

கொல்லங்கோடு வாத்தியார்:
@கம்பத்துக்காரி அம்மா சொன்னதைத்தான் 1962-ல கிப்சன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் சோதிச்சார். பிஸ்கட் வெட்டுற அச்சை, ஆளு பார்க்காம, உள்ளங்கையில அழுத்தினா நூத்துக்கு 49 தடவைதான் எந்த வடிவம்னு சரியாச் சொன்னாங்க. விரலால தடவிப் பார்க்க விட்டதும் 95! 'ஏதோ படுது'ங்கிற வரைக்கும்தான் தோலோட வேலை. விரல் இப்ப எங்க இருக்குன்னு தசையும் மூட்டும் சொல்லணும். எந்தப் பக்கம் நகரச் சொன்னோம்னு மூளைக்கே தெரியும். எல்லாம் சேர்ந்தாத்தான் மூலை, வளைவு, ஓரம் எல்லாம் பிடிபடும்.

சித்தூர் பிசியோ:
(ஆந்திரா சித்தூருங்க, பாலக்காட்டுச் சித்தூர் இல்ல.) காலேஜ்ல கண்ணைக் கட்டிட்டு என் பைசெப்ஸ் (முழங்கையை மடக்குற தசை) தசைநார் மேல வைப்ரேட்டரை வச்சாங்க. கை அசையவே இல்ல, ஆனா முழங்கை விரியுதுன்னு சத்தியமே பண்ணியிருப்பேன். அதிர்வைத் தசை நீளுதுன்னு மூளை எடுத்துக்குது. அதே கையால மூக்கைப் பிடிச்சுக்கச் சொன்னாங்க பாருங்க, மூக்கு முழ நீளம் போயிடுச்சு! கை தள்ளிப் போகுது, மூக்கும் விரல்லயே இருக்கு, அப்ப மூக்குதான் வளர்ந்திருக்கணும்னு மூளை கணக்குப் போட்டுடுது. லாக்னர்ங்கிற ஆராய்ச்சியாளர் 1988-லயே இதை எழுதியிருக்கார். எங்க பேட்சுல சிலருக்கு ஒண்ணுமே தெரியல, அது வேற விஷயம்.

வாளையார் மணி:
எங்க சித்தப்பாவுக்குப் பார்வை கிடையாது. குழி வந்தா கோல் நுனியைக் காட்டி "இங்க இருக்கு"ம்பார், கையில உணர்ந்ததா சொல்லவே மாட்டார். கோலை ஆட்டாம நிறுத்தினா அவருக்கு வழி தெரியாது. பாலக்காடு ஜங்ஷன்ல யாராவது பரிவா கோல் பிடிச்ச கையையே பிடிச்சு இழுத்தா மட்டும் கோபம் வந்துடும். "தோளைக் குடுங்க தம்பி, நான் பிடிச்சுக்கிறேன்"னு சொல்லிடுவார்.