மைட்ரல் வால்வு சுருக்கம்: பலூன் சிகிச்சை செய்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஹட்டன் பக்கம், தோட்டத்தில் இருக்கிறோம். அக்காவுக்கு 38 வயது, கொழுந்து எடுக்கிற வேலை. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரியில் நேராகப் படுக்க முடியாமல் எழும்பி உட்கார்ந்துவிடுகிறார் என்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால், இதயத்தின் இடது பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வு 1.1 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறதாம். சாதாரணமாக 4 முதல் 6 வரை இருக்கவேண்டியது. சின்ன வயதில் தொண்டை வலிக்குப் பிறகு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததே, அந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் காரணமாம். இத்தனை வருஷம் கழித்து!

தொடையில் இருக்கிற இரத்தக்குழாய் வழியாகப் பலூனைக் கொண்டுபோய் வால்வை விரிக்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் அதற்கு முதல் தொண்டை வழியாக இன்னொரு எக்கோ எடுத்து, இதயத்தின் இடது மேலறையில் இரத்தக்கட்டி இருக்கிறதா, வால்வு அதிகமாகக் கசிகிறதா என்று பார்க்கவேண்டுமாம். கட்டி இருந்தால் மருந்து கொடுத்துத் தள்ளிப்போடுவார்கள், கசிவு கூட என்றால் நெஞ்சைத் திறந்து ஒபரேஷன்தான். அதில் உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கிற) இரத்தப் பரிசோதனை. எனக்கு அதுதான் பயம், மழைக்காலத்தில் எங்கள் ரோட்டில் ஓட்டோவே ஏறாது.

மலையகத்தில் இருந்துகொண்டு ஐ.என்.ஆர். பார்க்கிறவர்கள் எங்கே பார்க்கிறீர்கள்? பலூன் செய்தவர்கள் எவ்வளவு நாளில் திரும்ப வேலைக்குப் போனீர்கள்? அப்புறம், ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க 3, 4 வாரத்துக்கு ஒருமுறை போடுகிற பென்சிலின் ஊசியை இந்த வயதிலும் போடுகிறார்களா? நாட்டு மருந்து மட்டும் தயவுசெய்து வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே அந்தச் சண்டை நடக்கிறது.