புதுப்பிப்பு: ஷெனாண்டோவாவில் புது இடம் கிடைத்தது

வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா ஆற்றின் தெற்குக் கிளையில், படகுத்துறைக் கூட்டத்தைத் தாண்டி ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடிக்க இடம் கேட்டிருந்தேன். ஆற்றோடு மேலே நடக்கச் சொன்னீர்கள். சனிக்கிழமை லூரே ஊர்ப் பக்கம் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.

ஆற்றுக்குக் குறுக்கே வரிவரியாகப் பாறை. ஓட்டம் உடைந்து, பாறைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கும் இடத்தில்தான் மீன். பாப்பர் என்ற மிதக்கும் போலி இரையை எதுவும் சீண்டவில்லை. அப்புறம் கிளௌசர் மின்னோ கட்டினேன் (சஸ்குவெஹானா ஆற்றில் இதே மீனுக்காக பாப் கிளௌசர் உருவாக்கிய ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டிய போலி இரை). அடியோடு விட்டுவிட்டு இழுத்ததும் தடி வளைந்தது. மொத்தம் மூன்று மீன். பெரியது 15 அங்குலம். என்ன அழகு அந்தச் சிவந்த கண்! மூன்றையும் திரும்ப ஆற்றிலேயே விட்டேன்.

அடுத்த வாரம் அதற்கும் மேலே உள்ள வளைவு.