குழந்தை உலகத்தை எளிமையாகப் பார்க்கிறதா, நாம்தான் அப்படி எண்ணிக்கொள்கிறோமா?

இளவேனில்:

நாலு வயதுக் குழந்தையோடு இரவில் நடந்து பாருங்கள். "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்கும். கீழே விழுந்த பொம்மைக்கு வலித்திருக்கும் என்று தடவிக்கொடுக்கும். தானாக நகர்கிற சூரியனுக்கும் ஓடுகிற ஆற்றுக்கும் உயிர் உண்டு என்று சிறு குழந்தைகள் நம்புவதைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) அவர்களிடமே கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தார். உலகம் முழுக்கத் தனக்குச் சொந்தம், எல்லாமே தன்னோடு பேசும் என்கிற அந்தப் பார்வையில் கள்ளமில்லை, கணக்கில்லை.

இதை ஏன் அவசரப்பட்டுக் கலைக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். வீட்டில் ஒரு சாவு நடந்தால், "தாத்தா நட்சத்திரமாயிட்டார்" என்று சொன்னால் போதாதா? அந்த மனசுக்கு அதற்கு மேல் எதற்கு? பெரியவர்களின் பாரத்தை ஏற்றுவதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. இங்கே பலர் மறுப்பீர்கள் என்று தெரியும். வாருங்கள், பேசுவோம்.

ஐயப்பாடு:

மறுக்கத்தான் வந்தேன். பியாஜேயைச் சொன்னீர்கள், அவருடைய சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு வரிசையில் சமமாக வில்லைகளை அடுக்கிக் காட்டி, "ரெண்டும் சமமா?" என்று கேட்பார்கள். குழந்தை சமம் என்னும். பிறகு பெரியவர் ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்பார். ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர் "நீளமா இருக்கறதுலதான் நிறைய" என்பார்கள். குழந்தைக்குத் தோற்றம்தான் தெரியும், அளவு மாறாதது புரியாது என்று முடிவு கட்டினார்கள்.

1970களில் எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் இல்லை, ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. பெட்டியிலிருந்து பாய்ந்து வந்து கலைத்துவிடும். அப்புறம் அதே கேள்வி. இந்தத் தடவை பெரும்பாலான பிள்ளைகள் "சமம்தான்" என்றார்கள்.

என்ன நடந்தது? பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால், "முன்னாடி சொன்ன பதில் இவருக்குப் போதலை போல, வேற எதிர்பார்க்கிறார்" என்று அந்தக் குழந்தை யோசிக்கிறது. வில்லைகளைவிட உங்கள் முகத்தைத்தான் அதிகம் படிக்கிறது. இதை எளிமை என்று எப்படிச் சொல்வது?

இளவேனில்:

இது எனக்குச் சாதகமான சாட்சி, ஐயப்பாடு. பெரியவர் காரணமில்லாமல் கேட்கமாட்டார் என்று அந்தப் பிள்ளை நம்பியதால்தானே பதிலை மாற்றியது? அந்த நம்பிக்கையைத்தான் நான் கள்ளமின்மை என்கிறேன். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால், இவர் நம்மை மடக்கப் பார்க்கிறாரோ என்று முதலில் சந்தேகப்படுவோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தொமசெல்லோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு எட்டமுடியாமல் தவிக்கிறார். பதினெட்டு மாதக் குழந்தைகள் தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. யாரும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. 2008-இல் அவர்களே அடுத்த படிக்குப் போனார்கள். உதவியதற்குப் பரிசு வாங்கிப் பழகிய இருபது மாதக் குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. கணக்குப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்து.

இரட்டையர் அம்மா:

எங்கள் வீட்டில் இருவருக்கும் மூன்று வயது. என் உயிரே அவர்கள்தான். ஆனால் கணக்கை நான் சொல்லிக்கொடுக்கவில்லை! ஒரே மாதிரிக் கிண்ணத்தில் வைத்தாலும் "அவளுக்கு ஜாஸ்தி" என்று ஒருத்தி கண்ணாலேயே அளந்துவிடுவாள். தனக்கு ஜாஸ்தியாக வந்தால் வாயே திறக்கமாட்டாள்.

எர்ன்ஸ்ட் ஃபேரும் உடன் ஆய்ந்தவர்களும் 2008-இல் இதைத்தான் அளந்தார்கள். மூன்று, நான்கு வயதில் பெரும்பாலான குழந்தைகள் தனக்கு வருவதையே பார்க்கின்றன. ஏழு, எட்டு வயதில்தான் பெரும்பாலானவர்களிடம் சமமாகப் பிரிக்கும் விருப்பம் தெரிகிறது. அதாவது நியாய உணர்வு வளர்ந்து வருகிற ஒன்று. பிறக்கும்போதே தெய்வம், நாம்தான் கெடுத்தோம் என்று சொன்னால், அந்த வயதுக்கு வர அந்தப் பிள்ளை படுகிற பாட்டையே பார்க்காமல் விடுகிறோம்.

பொய்யும் அப்படித்தான். "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிடும். பார்த்தவர்களில் மூன்று வயதுக்காரர்களே கணிசமானோர் "பார்க்கலை" என்பார்கள். அடுத்தவர் மனதில் இருப்பதும் தன் மனதில் இருப்பதும் வேறு வேறு என்று நன்றாகப் புரிந்த குழந்தைகள்தான் இதில் தேர்ந்தவர்கள் என்று விக்டோரியா தல்வாரும் காங் லீயும் காட்டியிருக்கிறார்கள். என் பிள்ளை முதல் பொய் சொன்ன அன்று எனக்குக் கோபம் வரவில்லை. இவளுக்குள் ஒரு தனி அறை திறந்துவிட்டது என்று தோன்றியது.

செவ்வானம்:

அம்மா, அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். "பார்க்கலை" என்று சொன்ன பிள்ளையிடம் உடனே, "சரி, அது என்ன பொம்மையா இருக்கும்?" என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளில் பலர் பொம்மையின் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள்! அடுத்த கேள்வியிலேயே உடைந்துபோகிற பொய்யில் வஞ்சகம் எங்கே இருக்கிறது? திட்டு விழுமோ என்கிற பயம் மட்டும்தான் இருக்கிறது. இளவேனில் சொல்கிற வெள்ளை மனசு இதுதான்.

முன்பள்ளி ஆசிரியை:

இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சாவைப் புரிந்துகொள்வதற்குக் குழந்தை மூன்று விஷயங்களைப் பிடிக்கவேண்டும். போனவர் திரும்பமாட்டார். உடம்பு முழுவதுமாக நின்றுவிட்டது, அதனால் பசி, குளிர், வலி எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஒருநாள் இது வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன, நான் வகுப்பில் பார்ப்பதும் அதுவே. அதற்கு முன் சாவு அவர்களுக்கு ஒரு பயணம், அல்லது நீண்ட தூக்கம்.

இந்த நிலையில் இருக்கிற குழந்தையிடம் "தூங்கிட்டார்" என்று சொன்னால், அது அன்றிரவு படுக்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால், என்னிடம் சொல்லாமலே போய்விட்டாரே என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். "நட்சத்திரமாயிட்டார்" என்றால், எப்போது இறங்கி வருவார் என்று கேட்கும். நாம் அழகுக்காகச் சொன்னதை அது செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. தான் நினைத்தால் உலகில் ஏதாவது நடக்கும் என்று இந்த வயதில் நம்புவார்கள். கோபத்தில் "நீ போ, எனக்கு வேணாம்" என்று பாட்டியிடம் கத்தியிருப்பாள். அந்த வாரமே பாட்டி இறந்துவிட்டால், தான் சொன்னதால்தான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வாள். வெளியே சொல்லவே மாட்டாள். வழக்கம்போல விளையாடிக்கொண்டும் இருப்பாள். "பாவம், அவளுக்கு என்ன தெரியும், விளையாடறா பாரு" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அவளை எளிய மனசு என்று தீர்மானித்த பிறகு அவளிடம் கேட்பதற்கு நமக்கு எதுவும் இருப்பதில்லை. நான் எதிர்ப்பது இந்தத் தீர்மானத்தைத்தான்.

ஐயப்பாடு சொன்ன சோதனையை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டால் பிள்ளை பதிலை மாற்றும். அடித்தவர் யார், தொட்டவர் யார் என்று விசாரிக்கும்போது இதனால் எவ்வளவு விபரீதம் வரும்! "குழந்தை பொய் சொல்லாது" என்று ஒருவர் சொல்ல, "குழந்தைக்கு என்ன தெரியும்" என்று இன்னொருவர் தள்ளிவிடுகிறார். நடுவில் அந்தப் பிள்ளை சொல்ல வந்தது யார் காதிலும் விழுவதில்லை.

இளவேனில்:

டீச்சர், "தூங்கிட்டார்" என்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் நட்சத்திரத்தையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. குழந்தை கதையாலும்தான் துக்கத்தைத் தாங்குகிறது. நிலாவைக் குழந்தையோடு விளையாட வா என்று அழைப்பதற்கென்றே பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் வைத்த புலவர்களுக்கு, நிலா இறங்கி வராது என்று தெரியாதா? தெரிந்தேதான் பாடினார்கள். அந்த உரிமையைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கவேண்டாம்.

ஐயப்பாடு:

பிடுங்கச் சொல்லவில்லை. உங்கள் நிலாக் கேள்விக்கே வருகிறேன். நடக்கும்போது பக்கத்து மரம் பின்னால் போகிறது, தூரத்துக் கட்டடம் மெதுவாகப் போகிறது, நிலா மட்டும் போகவே இல்லை. அது ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் நம் நூறு அடி நடையில் அது தெரியும் திசை மாறுவதில்லை. இதைக் கவனித்துத்தான் குழந்தை கேட்கிறது. நாம் "ஐயோ செல்லம்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். "நீ இந்தப் பக்கம் போ, நான் அந்தப் பக்கம் போறேன், அது யார் கூட வருதுன்னு பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். அந்த யோசனைக்கு மரியாதை வேண்டும் என்பதுதான் என் வாதம்.

செவ்வானம்:

விவாதத்தை நிறுத்திவிட்டு ஒன்று கேட்கிறேன். என் அக்காள் மகனுக்கு நாலரை வயது. அவன் தாத்தா இந்த வாரம் தவறிவிட்டார். இன்னும் அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. டீச்சர், என்ன வார்த்தையில் சொல்வது?

முன்பள்ளி ஆசிரியை:

வருத்தமாக இருக்கிறது. அவனுக்கு மிகவும் பழகியவர், அம்மாவோ அப்பாவோ, உட்கார்ந்து சொல்லட்டும். "தாத்தா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு நின்னுபோச்சு. மூச்சு விடமாட்டார், அவருக்கு வலிக்காது, திரும்ப வரமாட்டார். நீ செஞ்சதாலயோ சொன்னதாலயோ இது நடக்கலை. எங்களுக்கு அழுகையா வருது. நாங்க உன் கூடவே இருக்கோம்." இவ்வளவு போதும். உடனே எழுந்து விளையாடப் போனாலும் விடுங்கள். நாளைக்கும் அதே கேள்வியோடு வருவான். சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

இளவேனில்:

அவனாகவே வானத்தைக் காட்டி, "தாத்தா அங்க இருக்கார்" என்றால்?

முன்பள்ளி ஆசிரியை:

நான் திருத்தமாட்டேன். "அங்க என்ன பண்றார்?" என்று கேட்பேன்.