120 கிராம் தேனுக்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்?

கேள்வி:
கேக் குறிப்பில் தேன் 120 கிராம், மைதா 200 கிராம், 180 டிகிரியில் 35 நிமிடம் என்று இருக்கிறது. அளவுக் குவளையில் 120 மில்லி கோடு வரை தேன் ஊற்றினால் மேலே சீக்கிரம் கருத்துவிடுகிறது, நடுவில் பிசுபிசுப்பு போகவில்லை. தராசு இல்லாமல் சரியாக அளக்க வழி உண்டா?

பதில் 1:
அந்தக் கோடு தண்ணீருக்குத்தான் கிராமோடு ஒத்துப்போகும். தேன் தண்ணீரைவிடக் கனம், ஒரு மில்லி சுமார் 1.42 கிராம். 120 மில்லி ஊற்றினால் 170 கிராம் விழுகிறது. கூடுதலான 50 கிராமில் 40 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரைதான். மேலே கருப்பதும் நடுவில் வேகாததும் அதனால்தான்.

கிராமை 0.7-ஆல் பெருக்கினால் மில்லி வந்துவிடும். 120 கிராமுக்கு 84 மில்லி. கரண்டியில் என்றால் 5 டேபிள்ஸ்பூன், 2 டீஸ்பூன். தலைதட்டி அளந்தால் டீஸ்பூன் 7 கிராம், 15 மில்லி டேபிள்ஸ்பூன் 21 கிராம், 240 மில்லி கப் 340 கிராம். கடையில் வாங்கும் 500 கிராம் பாட்டிலில் ஒன்றரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் கப்பையே முதலில் சோதியுங்கள். 240-ம் உண்டு, 250-ம் உண்டு. ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் டேபிள்ஸ்பூன் 20 மில்லி, அதாவது 28 கிராம் தேன். சாப்பாட்டு ஸ்பூனை நம்பவே வேண்டாம்.

கரண்டியில் ஒட்டி நிற்கும் தேன் மாவுக்குள் போகாது. குறிப்பில் எண்ணெய் இருந்தால் அதை முதலில் அளந்துவிட்டு, அதே கரண்டியில் தேனை அளங்கள், வழுக்கிக்கொண்டு இறங்கும்.

தராசு வாங்கினால் பாத்திரத்தை எடை போட வேண்டாம். தேன் பாட்டிலைத் தராசில் வைத்து பூஜ்ஜியம் ஆக்குங்கள். எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் −120 என்று காட்ட வேண்டும். எதிலும் ஒட்டி வீணாகாது.

பதில் 3:
1.42 எல்லாத் தேனுக்கும் பொருந்தாது, நீர் 18 சதவீதம் அளவில் இருக்கும் தேனுக்குத்தான். 20 சதவீதம் என்றால் 1.40. கொசுத்தேனில் நீர் 25 சதவீதத்தையும் தாண்டும், அது இன்னும் லேசு. உங்கள் தேனின் எண் தெரிய வேண்டுமானால் ஒரு சின்னக் கிண்ணத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள். துடைத்து உலர்த்தி, அதே விளிம்பு வரை தேன் நிரப்பிப் பாருங்கள். கிண்ணத்தின் எடையை இரண்டிலும் கழித்து, தேன் எடையைத் தண்ணீர் எடையால் வகுத்தால் போதும்.

உறைந்து மணிமணியான தேனைக் கரண்டியால் அளக்காதீர்கள், இடையில் காற்று நிற்கும், எடை குறையும். பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் வைத்து இளக்கிய பிறகு அளங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் மணம் போய்விடும்.

பதில் 4:
சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் போடுபவர்களும் கப்புக்குக் கப் மாற்றக்கூடாது. 100 கிராம் சர்க்கரைக்கு 75 முதல் 80 கிராம் தேன், அதாவது ஏறக்குறைய 55 மில்லி. அதிலேயே 14 கிராம் நீர் வந்துவிடுவதால் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் குறையுங்கள். தேன் சீக்கிரம் சிவக்கும், எனவே சூட்டை 165 டிகிரிக்கு இறக்கி, 5 நிமிடம் கூட்டி வையுங்கள்.