திருடனுக்காக வாங்கிய அலாரம், மாட்டிக்கொண்டது அம்மா

அலாரம் பொருத்திய மூன்றாம் நாள், விடியற்காலை நாலரை மணி. அம்மா வழக்கம்போல் எழுந்து வாசல் கதவைத் திறந்திருக்கிறார். கதவு திறந்ததும் 30 விநாடி பீப் பீப் என்று அவகாசம் கொடுக்கும், அதற்குள் நான்கு இலக்க எண்ணை அழுத்த வேண்டும். அம்மாவுக்கு எண் நினைவில்லை. கண்ணாடி போடாததால் கீபேடும் தெரியவில்லை. சைரன் அலறி நான் ஓடிவந்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம், நான் எழுந்திருக்கும்வரை அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. யாருக்காக வாங்கினேனோ அவரையே பயமுறுத்திவிட்டேன்.

வாங்கும்போது நான் கேட்டதெல்லாம் திருடனைப் பற்றித்தான். எந்த வழியாக வருவான், ஒயரை வெட்டினால் என்ன ஆகும், மின்சாரம் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். தினமும் அந்தக் கருவியைத் தொடப்போகிறவர் யார் என்று யோசிக்கவே இல்லை. இப்போது அவகாசத்தை 60 விநாடியாக்கி, எண்ணுக்குப் பதில் சாவிக்கொத்தில் மாட்டும் டேக் ஒன்று கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாரை மறந்துவிட்டு வாங்கினீர்கள்? எழுதுங்களேன்.

* * *

எங்கள் வீட்டில் பூனையை மறந்துவிட்டோம். மறந்தோம் என்றும் சொல்ல முடியாது, அறையில் யாராவது நடமாடினால் உணர்ந்து அலாரத்தை எழுப்பும் பி.ஐ.ஆர் சென்சார், 25 கிலோ வரை வளர்ப்புப் பிராணிகளைக் கண்டுகொள்ளாது என்று பெட்டியிலேயே போட்டிருந்ததால்தான் வாங்கினோம். எங்கள் பூனை நாலு கிலோ. ஆனாலும் வாரத்தில் மூன்று ராத்திரி சைரன்.

பிறகுதான் புரிந்தது. அந்தச் சென்சாருக்கு எடை எப்படித் தெரியும்? உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பம் நகர்வதை மட்டும்தான் அது உணர்கிறது. தரையோடு நகரும் சின்ன வெப்பத்தை விட்டுவிடும். எங்கள் மகாராணியோ புத்தக அலமாரியின் உச்சியில்தான் நடப்பாள். சென்சாருக்கு அத்தனை பக்கத்தில் போனால் பூனையும் ஆள்தான்.

சென்சாரை வேறு மூலைக்கு மாற்றினோம். மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆள் நேராகச் சென்சாரை நோக்கி நடந்து வருவதைவிட அதன் பார்வைக்குக் குறுக்கே போனால்தான் சீக்கிரம் பிடிக்கும். அறையின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் அதுவும் மந்தமாகிவிடும். கடைசியில் இராத்திரியில் அதை அணைத்தே வைத்துவிட்டு, கதவு ஜன்னல்களுக்குக் காந்த சென்சார் போட்டோம். கதவும் சட்டமும் விலகினால்தான் கத்தும். பூனைக்கு இன்னும் தாழ்ப்பாள் திறக்கத் தெரியாது.

* * *

வாடகை வீட்டுக்காரன் நான். சுவரில் ஓட்டை போட அனுமதி இல்லை. ஒட்டுகிற வகை ஒயர்லெஸ் சென்சார் வாங்கினேன், வீடு மாறியபோது உரித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அதற்கும் முன்னால் செய்தது வேறு: பூட்டின் நாக்கு நுழைகிற தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். அரை விரல் நீளம்கூட இல்லாத திருகாணி! ஒரே உதையில் பிய்ந்துவிடும். உரிமையாளரைக் கேட்டு நீளத் திருகாணி போட்டேன்.

* * *

கேமரா மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு என் கதை. மகனின் சைக்கிள் வாசலிலிருந்து போய்விட்டது. ஆசையாகப் பதிவைப் போட்டுப் பார்த்தால், தொப்பி போட்ட ஒருவர் நிதானமாக வந்து, நிதானமாகத் தள்ளிக்கொண்டு போகிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து கட்டம்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் (படத்தின் புள்ளிகள்) வேண்டும் என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு சொன்னது. 1080பி கேமராவின் அகலம் 1920 பிக்சல். ஆக, படத்தில் விழும் இடம் ஏழரை மீட்டருக்குமேல் அகலமாக இருக்கக் கூடாது. நான் வாங்கியது 2.8 மி.மீ. லென்ஸ், தெரு முழுக்கத் தெரிகிறதே என்று பூரித்து வாங்கியது. அதில் மூன்று நான்கு மீட்டர் தாண்டினாலே முகம் போச்சு. சைக்கிள் நின்றது எட்டு மீட்டரில். இப்போது அதை அப்படியே விட்டுவிட்டு, கதவருகே முகத்தின் உயரத்தில் இன்னொன்று வைத்திருக்கிறேன்.

* * *

மேலே எழுதியவருக்காவது பதிவு இருந்தது. எங்களுடையது நான்கு கேமரா, பதிவுக்கு ஒரு டெராபைட் (1000 ஜி.பி.) வட்டு. ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 43 ஜி.பி. நான்குக்கும் ஆறு நாள்கூட வராது. பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினால் போன அன்று நடந்தது, புதிய பதிவுக்கு இடம் விட்டு அழிந்திருக்கும். ஊர் சுற்றுகிற குடும்பங்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

* * *

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஹாலில் கேமரா வைத்த மறுநாளே, "இனி நான் இங்கே உட்கார மாட்டேன்" என்றாள். பெண்ணின் பாதுகாப்புக்குத்தானே என்று நான் வாதாடினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இதோட பாஸ்வேர்டை மாத்தினீங்களா அப்பா?" மாற்றவில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தி, இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கிய கதையை அவள்தான் எனக்குச் சொன்னாள். பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டேன். ஆனாலும் ஹால் கேமராவைக் கழற்றிவிட்டேன், அது அவள் வீடும்தானே. வாசலில் ஒன்று மட்டும் இருக்கிறது.

* * *

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி, லென்ஸ் கணக்கை இன்றைக்கே என் வாசலில் அளந்து பார்க்கிறேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். டேக் பழகிவிட்டது. நேற்று நான் தாமதமாக வந்து எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். அம்மா எழுந்து வந்து, டேக்கைக் காட்டி அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.