சின்சே கொடுத்த மூலிகை, பாலிகிளினிக் மாத்திரை: இரண்டும் ஒத்துப்போகுமா?

யீஷூன் இரவுப்பணி:

எனக்கு 46 வயது, 91 கிலோ. பேருந்துப் பணிமனையில் இரவு ஷிஃப்ட். போன மாதம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 7.9 வந்து பாலிகிளினிக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் வயிறு கடமுடா என்கிறது.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் பாவப்பட்டுத் தன் சீன வைத்தியரிடம், அதாவது சின்சேயிடம், கூட்டிப்போனார். அந்த அம்மா என் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். ஓரத்தில் பல் பதிந்த தடமாம், மேலே வெள்ளையாகப் பிசுபிசுப்பாம். அப்புறம் இரண்டு கையிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். "மண்ணீரல் பலவீனம், உடம்பில் ஈரமும் சளியும் தேங்கிவிட்டது. எடையும் சர்க்கரையும் அதனால்தான். ஐஸ் போட்டு எதுவும் குடிக்காதே." ஒரு வாரத்துக்குக் காய்ச்சிக் குடிக்க மூலிகைப் பொட்டலம் கொடுத்தார். அங்கிள் தன் பங்குக்கு, குவாங்சோவில் வாங்கிய கறுப்பு உருண்டை ஒரு புட்டி கொடுத்திருக்கிறார். சர்க்கரைக்கு நல்லதாம், வேளைக்குப் பத்து.

என் மண்ணீரலுக்கு என்ன ஆச்சு? ஸ்கேன் எடுக்கணுமா? மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு இதை மட்டும் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

தோ பாயோ மருமகள்:

முதலில் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். காரணம் கீழே.

என் மாமியார் சீனர். பத்து வருடமாக இந்த ஈரம், சளி, சூடு எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசைப் பேச்சு. சின்சே சொல்லும் மண்ணீரல் ஸ்கேனில் தெரியும் மண்ணீரல் இல்லை. சாப்பிட்டதைச் செரித்து, அதன் சத்தை உடம்பெங்கும் அனுப்பும் வேலைக்கே அவர்கள் வைத்த பெயர் அது. அந்த வேலை சுணங்கினால் ஈரம் தேங்கும், தேங்கியது கெட்டியானால் சளி, சளிதான் தொப்பை. நம் ஊர் வைத்தியர் 'கப உடம்பு' என்பார் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதனால் ஸ்கேன் வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு அவர்களின் பழைய பெயர் 'சியாவ்கே', அதாவது உடம்பு கரைகிற தாகம். அடங்காத தாகம் என்றால் நுரையீரலில் கோளாறு, அடங்காத பசி என்றால் இரைப்பை, ஓயாமல் சிறுநீர் போனால் சிறுநீரகம் என்று பிற்காலத்தில் மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தியது. இரண்டாயிரம் வருடப் பழசான 'ஹுவாங்தி நெய்ஜிங்' நூலில் இது இனிப்பும் கொழுப்பும் நிறையத் தின்பவனுக்கு வருவது என்றே இருக்கிறது. கொழுப்பு உள்ளே சூட்டைக் கிளப்பும், இனிப்பு வயிற்றை அடைக்கும், அது முற்றித்தான் தாகமாக மாறும். முதலில் தொப்பை, அப்புறம் சர்க்கரை! பாலிகிளினிக் டாக்டர் சொல்வதும் இதைத்தானே. ஐஸ் பானம் பற்றிச் சின்சே சொன்னதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் பயப்படுவது ஐஸுக்கு, நீங்கள் பயப்பட வேண்டியது அதிலுள்ள சீனிக்கு. எப்படியோ நிறுத்தினால் சரி.

இனி புட்டி. மாமியாருக்கும் இப்படித்தான் ஒருவர் சீனாவிலிருந்து கொண்டுவந்தார். 'சியாவ்கே வான்' என்று பெயர். மூலிகைதானே என்று பாலிகிளினிக் கொடுத்த கிளிபிசைடு என்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஒரு நாள் விடிகாலை நான்கு மணிக்குச் சமையலறையில் டம்ளர் விழும் சத்தம். போய்ப் பார்த்தால் இரவு உடை தொப்பலாக நனைந்து, கை நடுங்க, சீனி டப்பா மூடியைத் திறக்க முடியாமல் நிற்கிறார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 2.9 மில்லிமோல், ரொம்பக் கீழே. மூன்று ஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த உருண்டை ஒவ்வொன்றிலும் 0.25 மில்லிகிராம் கிளிபென்கிளமைடு இருக்கிறது. பத்து உருண்டைக்கு 2.5. சர்க்கரையை இறக்கும் அசல் ஆங்கில மருந்து, கிளிபிசைடுக்கு உறவு. ஒளித்துச் சேர்த்ததும் இல்லை, சீனாவில் அதன் அங்கீகரிக்கப்பட்ட சேர்மானமே அதுதான். எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளைக்கோட்டு:

மருந்தாளுநர் பேசுகிறேன். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டோடு போடுங்கள், மெதுவாகக் கரையும் வகை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு வயிறு அதிலேயே அடங்கிவிடும்.

பொட்டலத்தில் என்னென்ன என்று சின்சேயிடம் எழுதி வாங்குங்கள், கொடுப்பார். ஹுவாங்லியன் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதிலுள்ள பெர்பரின் சர்க்கரையை உண்மையிலேயே இறக்கும், நம் மரமஞ்சளில் இருப்பதும் அதே பொருள்தான். பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருகிறது என்று பெர்பரினைச் சிங்கப்பூரில் 1978இல் தடை செய்து, 2013 முதல்தான் படிப்படியாகத் தளர்த்தினார்கள்.

எடை குறைக்கும் மூலிகை என்று யார் எதைக் கொடுத்தாலும் பிரஸ்ஸல்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மெலியும் கிளினிக்கில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த இன்னொன்று கலந்துபோய், நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. நம் ஆடுதின்னாப்பாளையின் இனம்தான் அந்தச் செடி.

யீஷூன் இரவுப்பணி:

நன்றி அக்கா, நன்றி அண்ணே. ஷிஃப்ட் இடைவேளையில் புட்டியைக் கூட வேலை பார்க்கும் மலாக்காச் சீனரிடம் காட்டினேன். டார்ச் அடித்து, பொடி எழுத்தை விரலால் தடவித் தடவி மூலிகைப் பெயர்களாக வாசித்தார். கடைசியில் நிறுத்தி, "இது செடி இல்லையே" என்றார். 'கலியெபென்னியாவ்'. போனில் தேடினோம், கிளிபென்கிளமைடுதான்.

அங்கிள் நாளைக்குக் காலையில் லிஃப்ட் பக்கம் நின்று "சாப்பிட்டாயா" என்று கேட்பார். அவரும் இதைத்தான் தினம் விழுங்குகிறார், பாலிகிளினிக் மாத்திரையோடு சேர்த்து. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.