உதவி: நல்ல டோன் உள்ள சாலிட் ஸ்டேட் கிட்டார் ஆம்ப் எதை வாங்கலாம்?

ஞாயிறு_கிட்டார்:

வணக்கம். நாகர்கோவில் பக்கம் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன், மற்ற நாட்களில் வீட்டில் பயிற்சி. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) உள்ள ஸ்ட்ராட் வகைக் கிட்டார், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று, 6 அங்குல ஸ்பீக்கர் வைத்த 10 வாட் ஆம்ப், இவ்வளவுதான் கையில் உள்ளது. ஆம்ப், கிட்டார் வாங்கியபோது கடையில் சேர்த்துக் கொடுத்தது.

கிளீனில் (கரகரப்பு சேர்க்காமல்) வாசித்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கிறது. கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழைத் திருப்பினால் கார்டில் உள்ள சுரங்கள் எல்லாம் கரைந்து இரைச்சல்தான் மிஞ்சுகிறது. ஆலயத்தில் டிரம்ஸ் தொடங்கியதும் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை.

ட்யூப் (வால்வு) வைத்த ஆம்ப் வேண்டாம், டிரான்சிஸ்டரில் ஓடும் சாலிட் ஸ்டேட்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ட்யூப் போனால் இங்கே மாற்று கிடைப்பது சிரமம், வாராவாரம் ஆட்டோவில் ஏற்றி இறக்கவும் வேண்டும். பட்ஜெட் 30,000 ரூபாய்க்குள். மனதில் இருப்பவை ஆரஞ்சு கிரஷ் 35ஆர்டி, பாஸ் கட்டானா 50, அப்புறம் திருநெல்வேலியில் ஒருவர் விற்கும் பழைய பீவி பாண்டிட்.

சாலிட் ஸ்டேட் என்றாலே வறண்ட சத்தம்தான் என்று தெரிந்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உண்மையா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சால்டர்_வாசனை:

தம்பி, வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள், காசு செலவில்லை. உங்கள் ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் திறந்து ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளைப் பாருங்கள். பெரும்பாலும் கிளிப் போட்டுத்தான் மாட்டியிருப்பார்கள், இழுத்தால் வந்துவிடும். ஸ்பீக்கரின் முதுகில் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது 12 அங்குல ஸ்பீக்கர் கேபினெட் இருந்தால், அதே ஓம் அல்லது அதற்கு மேல் என்றால், இந்தக் கம்பிகளை அதில் மாட்டி வாசித்துப் பாருங்கள். ஓம் குறைவாக உள்ள ஸ்பீக்கரை மட்டும் மாட்டாதீர்கள், சாலிட் ஸ்டேட் ஆம்பில் கரண்ட் அதிகமாகி அவுட்புட் ஐசி சூடேறும். அதிக ஓம் என்றால் சத்தம் கொஞ்சம் குறையும், வேறு ஆபத்து இல்லை.

இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மேசைக்கு "சர்க்யூட் சரியில்லை, டோன் மோசம்" என்று வரும் சின்ன ஆம்ப்களில் பாதிக்கு மேல் சர்க்யூட்டில் ஒன்றும் இருக்காது. ஸ்பீக்கரும் பெட்டியும்தான் குற்றவாளி. கிட்டாருக்கென்றே செய்த 12 அங்குல ஸ்பீக்கர்கள் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபெல் வரை ஒலிக்கும். சின்ன ஆம்பில் வரும் மலிவு ஸ்பீக்கர் 90-ஐ எட்டினாலே பெரிது. 10 டெசிபெல் வித்தியாசம் என்பது பத்து மடங்கு வாட்டுக்குச் சமம். அதாவது 100 டெசிபெல் ஸ்பீக்கரில் ஓடும் 10 வாட், 90 டெசிபெல் ஸ்பீக்கரில் ஓடும் 100 வாட் அளவுக்கு ஒலிக்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். அதனால் பெட்டியின் மேல் எழுதியுள்ள வாட்டைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷனில் வரும் கரகரப்பை வெட்டி எடுப்பதே அந்த இறக்கம்தான். அது இல்லாத ஸ்பீக்கரில் எந்த ஓவர்டிரைவ் பெடல் போட்டாலும் காது கூசும்.

ஜேசி_ரசிகன்:

சாலிட் ஸ்டேட்டில் நல்ல டோன் வராது என்பவர்கள் ரோலண்ட் ஜேசி-120-ஐ நேரில் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். 1975-இல் வந்தது, இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. 60 வாட் பவர் ஆம்ப் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலியும் மற்றதில் கொஞ்சம் தள்ளி அசையும் ஒலியும் வரும், இரண்டும் அறையின் காற்றில்தான் கலக்கும். அந்த விரிவு ரெக்கார்டிங்கில் பாதிதான் தெரியும்.

பி.பி. கிங் நெடுங்காலம் வாசித்த லேப் சீரிஸ் எல்5-உம் டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். அவருடைய ஒலி வறண்டது என்று யாரும் சொன்னதில்லை. பாண்டெரா குழுவின் டைம்பேக் டேரல் அந்த டிஸ்டார்ஷனை எடுத்ததும் ராண்டலின் சாலிட் ஸ்டேட் ஆம்பில்.

உங்கள் பட்ஜெட்டில் ஜேசி-120 வராது, எடையும் 28 கிலோ அளவில். சின்ன அண்ணன் தம்பிகளாக ஜேசி-22, ஜேசி-40 உண்டு. ஆனால் ஜேசி குடும்பத்தின் கிளீன் பளிச்சென்று கண்ணாடி போல இருக்கும். உங்களுக்குக் கனமான, உருண்டையான கிளீன் வேண்டுமென்றால் டிரெபிளை நன்றாக இறக்கித்தான் வாசிக்க வேண்டும். உள்ளே இருக்கும் டிஸ்டார்ஷனைப் பயன்படுத்தவே வேண்டாம், பெடல்தான்.

வெள்ளி_இரவு:

கட்டானா 50-ஐப் பரிந்துரைக்கிறேன். 12 அங்குல ஸ்பீக்கர், பவரை 0.5 வாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம், இரவில் வீட்டில் வாசிக்க அதைவிட வசதி இல்லை. எஃபெக்ட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

சால்டர்_வாசனை:

கட்டானா நல்ல ஆம்ப், மறுக்கவில்லை. ஆனால் அதன் முன்பகுதி டிஜிட்டல், பவர் பகுதி மட்டும் டிரான்சிஸ்டர். வாரண்டி முடிந்தபின் டிஜிட்டல் போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டும், உள்ளூரில் சரிசெய்ய வழியில்லை. கிரஷ் 35ஆர்டியில் பிரீ ஆம்ப், அதாவது முன்பகுதி, முழுக்க அனலாக், ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) மட்டும் டிஜிட்டல். பாண்டிட் மாதிரி ஆம்பில் ஆப் ஆம்ப் ஐசி, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் எல்லாம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஊரில் இருந்துகொண்டு பத்துப் பதினைந்து வருடம் வைத்திருக்க நினைப்பவர் இதையும் யோசிக்க வேண்டும்.

"வறண்ட சத்தம்" என்ற பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் அல்ல. 80, 100 ஹெர்ட்ஸ் அருகே அதன் தடை பல மடங்கு ஏறும், மேல் ஸ்தாயியிலும் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். ட்யூப் ஆம்ப் அந்த ஏற்றத்தோடு சேர்ந்து போகும். அதனால் அடியில் ஒரு முழக்கமும் மேலே ஒரு மினுமினுப்பும் தானாகவே கூடும். வீட்டு ஸ்டீரியோ போலக் கட்டிய டிரான்சிஸ்டர் ஆம்ப், ஸ்பீக்கரை இறுக்கிப் பிடித்து எல்லா இடத்திலும் ஒரே வோல்டேஜ் கொடுக்கும். பாட்டுக் கேட்க அது நல்லது, கிட்டாருக்குத் தட்டையாகப் போய்விடும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது. ஸ்பீக்கரின் எர்த் பக்கக் கம்பியில் ஒரு ஓமுக்கும் குறைவான சின்ன ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அதில் ஓடும் கரண்டைப் பார்த்து ஆம்பையே திருத்திக்கொள்ளச் செய்வார்கள். கரண்ட் ஃபீட்பேக் என்போம். மார்ஷல் வால்வ்ஸ்டேட், பீவியின் டிரான்ஸ்டியூப் வரிசை எல்லாம் இந்த வழியில் கட்டியவைதான். அந்தப் பாண்டிட்டின் முகப்பில் டிரான்ஸ்டியூப் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 1990-களின் நடுவிலிருந்து வந்தவற்றில் இருக்கும். கெயின் கூட்டும்போது சட்டென்று வெட்டாமல் மெதுவாக மடியும்படி அதன் முன்பகுதியும் அமைத்திருப்பார்கள்.

ஞாயிறு_கிட்டார்:

அண்ணே, சோதனை செய்துவிட்டேன். நண்பரிடம் 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட மரக் கேபினெட் இருந்தது, இரண்டும் 8 ஓம். அதே 10 வாட் ஆம்ப்தான், நம்பவே முடியவில்லை. ஈ மைனர் கார்டு அடித்தால் ஆறாவது கம்பி தரையில் கேட்கிறது. கெயின் பக்கம் மட்டும் இன்னும் திருப்தியில்லை, ஆனால் கிளீனில் வைத்து என் பெடலைப் போட்டால் நன்றாகவே இருக்கிறது.

பாண்டிட்டின் போட்டோ கேட்டு வாங்கினேன். டிரான்ஸ்டியூப் என்று இருக்கிறது. பின்பக்கம் 120 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கரண்ட் எடுத்துக்கொள்ளுமா? நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இன்னொன்று, என் வீட்டில் எல்இடி விளக்கைப் போட்டால் ஆம்பில் "உய்ய்" என்று ஒரு சத்தம். புது ஆம்ப் வாங்கினால் போய்விடுமா?

வெள்ளி_இரவு:

இரைச்சலுக்கு நான் சொல்கிறேன். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். சத்தம் நின்றால் ஆம்ப் காரணமல்ல, பிக்கப்தான் அதை இழுக்கிறது. கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றித் திரும்பினால் ஒரு திசையில் குறையும், அங்கே உட்கார்ந்து வாசியுங்கள். பிக்கப் மாற்றும் செலக்டரை 2, 4-ஆம் இடங்களில் வைத்தாலும் பல கிட்டார்களில் குறைந்துவிடும், நடுப் பிக்கப்பை எதிர்ச்சுற்றாகச் சுற்றியிருந்தால். மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடுகளில் பெரிய பின்னுக்குப் பின்னால் கம்பியே இருக்காது.

சால்டர்_வாசனை:

எர்த் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் கிட்டார் கம்பி, உதட்டருகே மைக், இரண்டும் வேறு வேறு எர்த் என்றால் ஷாக் அடிக்கும். ஆலயத்திலும் பாருங்கள்.

120 வோல்ட் பாண்டிட்டை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்பின் பின்னால் எழுதியுள்ள வாட்டைப் பார்த்து அதைவிடப் பெரிதாக, எர்த் தொடர்ச்சி உள்ளதாக வாங்குங்கள். அதன் விலையையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

நேரில் போகும்போது உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், ஒரு மல்டிமீட்டர் மூன்றும் எடுத்துப் போங்கள். ஆம்பைப் போட்டு, எதுவும் வாசிக்காமல், ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரை சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் பகுதியில் கோளாறு, ஸ்பீக்கரின் கம்பிச்சுருளும் (காயில்) கருகியிருக்கலாம், வாங்காமல் வந்துவிடுங்கள். எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்புங்கள். கரகரவென்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகும்.

பழைய ஆம்பில் நான் முதலில் பார்ப்பது இன்புட் ஜாக்கைத்தான். கேபிளைச் செருகி லேசாக மேலும் கீழும் அசையுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால், போர்டில் ஜாக்கின் காலைச் சுற்றி ஈயத்தில் முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும். வருடக்கணக்காகக் கேபிளைச் செருகிப் பிடுங்கியதன் அடையாளம் அது. மறுபடி சால்டர் வைத்தால் போதும், விலையைக் குறைக்க நல்ல காரணம்.

கடைசியாக, வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்து வாசியுங்கள். மெதுவாக வைத்தால் எல்லா ஆம்பும் நல்ல ஆம்ப்தான்.

ஜேசி_ரசிகன்:

ஆலயத்தில் மிக்சர் இருந்தால் ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு மைக்கை ஸ்பீக்கர் துணிக்கு அருகில், நடுவிலிருந்து சற்று ஓரமாக வையுங்கள். அப்போது 35 வாட்டே தாராளம், சபைக்கு ஸ்பீக்கர் வழியாகப் போகும், ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும். மைக் இல்லாமல் டிரம்ஸோடு கிளீன் வாசிக்க வேண்டுமென்றால் பாண்டிட்தான்.

ஞாயிறு_கிட்டார்:

திருநெல்வேலி போய் வந்தேன். டிசி 14 மில்லிவோல்ட். டிரெபிள் குமிழ் கரகரத்தது, ஜாக் உறுதியாக இருந்தது. வால்யூமைக் கூட்டி வாசித்தபோது கிளீன் எங்கேயும் உடையவில்லை. என் பெடலைப் போட்டு நான்கு சுரக் கார்டு அடித்தால் நான்கும் தனித்தனியாகக் கேட்டன. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையைக் கழித்துப் பேசினோம், ஒத்துக்கொண்டார். வாங்கிவிட்டேன். வீட்டில் மட்டும் டிரெபிள் குறைவாகவும் ஆலயத்தில் அதிகமாகவும் தெரிகிறது, ஏன்?

சால்டர்_வாசனை:

நல்லது தம்பி. 12 அங்குல ஸ்பீக்கர் மேல் ஸ்தாயியை ஒளிக்கற்றை மாதிரி நேராக அனுப்பும். வீட்டில் தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குப் போகிறது. ஆலயத்தில் தள்ளி நிற்பதால் காதுக்கு வருகிறது. ஒரு ஸ்டூலில் வைத்துப் பின்பக்கம் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். டோன் குமிழ்களை அந்த நிலையில் நின்று திருப்பினால் இரண்டு இடத்திலும் ஒரே செட்டிங் போதும். கான்டாக்ட் கிளீனர் அடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியுங்கள், காய்ந்தபின் போடுங்கள்.